வரத்து வாய்க்காலில் தொடங்கும் வேலை

கோடை மழை கொட்டித் தீர்த்த மறுநாள் விடியற்காலையில் சில மீன்குட்டைகளில் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதக்கும். யாரோ மருந்தைக் கலந்துவிட்டார்கள் என்றுதான் குட்டைக்காரர் முதலில் நினைப்பார். பக்கத்து வயல்காரர், பழைய பங்காளிப் பகை, குத்தகை ஏலத்தில் தோற்றவர் என்று சந்தேகம் நீளும். போலீஸ் வரை போகிறவர்களும் உண்டு. தண்ணீரைச் சோதித்தால் பல நேரங்களில் நஞ்சு எதுவும் இருக்காது. இருக்க வேண்டிய ஆக்சிஜன்தான் இல்லாமல் போயிருக்கும்.

காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். தண்ணீரில் கரைந்திருப்பது மிகச் சொற்பம். 30 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் கரைத்து வைத்திருக்கும். கட்லா, ரோகு போன்ற கெண்டை மீன்கள் நன்றாக வளர லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது வேண்டும். 3-க்குக் கீழே இறங்கினால் தீவனம் எடுக்காது. இன்னும் குறைந்தால் மேலே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டு நிற்கும். பகலில் பாசியும் நீர்த்தாவரங்களும் ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை விடுகின்றன. இரவில் அவையும் மீன்களும் அடிச்சேற்றிலுள்ள பாக்டீரியாக்களும் சேர்ந்து அதைச் செலவழிக்கின்றன. எனவே விடிவதற்குச் சற்று முன்புதான் குளத்தில் ஆக்சிஜன் இருப்பு அடிமட்டத்தைத் தொடும்.

கோடையில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. வெயிலில் மேல்நீர் சூடாகி அடர்த்தி குறைகிறது. குளிர்ந்த அடிநீர் கீழேயே தங்குகிறது. இரண்டும் கலக்காத வரை, கீழ் அடுக்கில் சேறு அழுகி ஆக்சிஜனைத் தின்று தீர்க்கும். அம்மோனியாவும் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடும் அங்கே சேரும். திடீர் மழையும் காற்றும் மேல்நீரைக் குளிர வைத்துக் குளத்தையே புரட்டிப் போடும்போது இந்த அடிநீர் மேலே வருகிறது. பழியை மழை சுமந்தாலும், மீன்களைக் கொன்றது ஆண்டுக்கணக்கில் அள்ளாமல் விட்ட சேறுதான்.

குளமோ குட்டையோ சொந்தமாக வைத்திருப்பவர்கள், ஏரிக்கரையில் மனை வாங்கியவர்கள், ஆயக்கட்டில் நிலம் உள்ளவர்கள் எல்லோரும் கவனிக்க வேண்டிய இடம் இது. நீர்நிலையின் கோளாறுகள் தண்ணீரில் தெரியும். அவற்றின் மூலம் பெரும்பாலும் தண்ணீருக்கு வெளியே, தண்ணீர் வந்து சேரும் வழியில் இருக்கிறது.

மண் எப்படி வருகிறது

ஓடும் நீர் மண்ணைச் சுமக்கிறது. நின்றதும் இறக்கி வைக்கிறது. எந்தத் துகள் எவ்வளவு வேகத்தில் இறங்கும் என்பதற்கு 1851-இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் ஒரு விதி கண்டார். நுண்துகள் இறங்கும் வேகம் அதன் விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். விட்டம் பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்றாகிவிடும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள மணல் துகள், அசையாத நீரில் ஒரு மீட்டர் இறங்க ஏறத்தாழ இரண்டு நிமிடம் போதும். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே உள்ள களிமண் துகளுக்கு அதே தொலைவைக் கடக்கப் பத்து நாளாவது பிடிக்கும்.

குளத்தில் எங்கே எது படியும் என்பதை இந்த ஒரு விதியே சொல்லிவிடுகிறது. மணல் வரத்து வாயிலேயே குவிந்து மேடாகும். களிமண் நடுக்குளம் தாண்டிக் கரையோர ஆழம் வரை போய்ப் படியும். மணலை வாயிலிலேயே மறித்துவிடலாம். உள்ளே போய்விட்ட களிமண்ணை, தண்ணீர் வற்றிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

ஒரு ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர் பரப்புள்ள குளத்தில் ஒரே ஒரு சென்டிமீட்டர் வண்டல் படிந்தால் 100 கன மீட்டர் கொள்ளளவு போய்விடும். அது 1 லட்சம் லிட்டர் தண்ணீர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் எட்டு நடைக்கு மேல். விரல் நகத்தின் அகலமே உள்ள சேறு என்பதால் யார் கண்ணிலும் படாது.

கொள்ளளவோடு தண்ணீர் நிற்கும் காலமும் குறைகிறது. வண்டல் படியப் படியக் குளத்தின் ஆழம்தான் குறையும். பரப்பு பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆவியாதல் பரப்பைப் பொறுத்தது. கோடையில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாவதாகவும், மழையும் கசிவும் இல்லை என்றும் வைத்துக்கொண்டால், 2 மீட்டர் ஆழக் குளம் வற்ற 400 நாளாகும். ஆழம் பாதியானால் 200 நாளில் தரை தெரியும். ஒரு கோடையைத் தாண்டி நின்ற குளம் பங்குனியிலேயே வறண்டுபோவதற்கு மழைக் குறைவு மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை.

பாஸ்பரஸ் என்னும் சாவி

வண்டல் தனியாக வருவதில்லை. வயலில் போட்ட உரம், தொழுவத்துச் சாணம், வீட்டுக் கழிவுநீர், சோப்பு நுரை எல்லாம் அதோடு வருகின்றன. மீன்குட்டையில் தின்னாமல் விட்ட தவிடும் புண்ணாக்கும் கோழி எருவும் சேர்ந்துகொள்கின்றன. இவற்றில் குளத்தைப் பச்சையாக்குவது எது என்பது 1960-களில் பெரிய விவாதமாக இருந்தது. கார்பனா, நைட்ரஜனா, பாஸ்பரஸா?

விடை கனடாவின் ஒன்டாரியோ மாகாணக் காட்டுக்குள் கிடைத்தது. ஆய்வுக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகள் அங்கே உண்டு. அவற்றில் 226 என்ற எண்ணிட்ட ஏரியின் இடுக்கான நடுப்பகுதியில், 1973-இல் டேவிட் ஷிண்ட்லரின் குழு ஒரு பிளாஸ்டிக் திரையைக் கட்டி ஏரியை இரண்டாகப் பிரித்தது. ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும் மட்டும் சேர்க்கப்பட்டன. மறுபக்கம் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்ந்தது. சில வாரங்களில் பாஸ்பரஸ் கலந்த பாதி பச்சைப் பசேலென்று திரிந்தது; மறுபாதி தெளிவாகவே இருந்தது. வானிலிருந்து எடுத்த அந்தப் படம் நீரியல் பாடப் புத்தகங்களில் இடம்பிடித்தது. சோப்புத் தூளில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தும் சட்டங்களுக்கும் அது வலுச் சேர்த்தது.

நைட்ரஜன் குறைந்தால் நீலப்பச்சைப் பாசிகளில் பல அதைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பாஸ்பரஸை அப்படி எடுக்க வழியில்லை. அது மண்ணோடும் கழிவோடும் வந்தாக வேண்டும். வரும் வழியை அடைத்தால் பாசியின் உணவை அடைத்ததாகும். இந்தப் பாசிகளில் சில நச்சையும் சுரக்கின்றன. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஈரி ஏரியில் படர்ந்த பாசியின் நச்சு குடிநீரில் கலந்ததால், டொலீடோ நகர வட்டாரத்தில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இரண்டு நாளுக்கு மேல் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாமல் போனது. கொதிக்க வைத்தாலும் அந்த நச்சு போகாது.

உள்ளே வந்துவிட்ட பாஸ்பரஸ் எளிதில் வெளியேறாது. ஆக்சிஜன் இருக்கும் வரை சேற்றிலுள்ள இரும்பு பாஸ்பேட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. அடியில் ஆக்சிஜன் தீர்ந்ததும் இரும்பின் வேதிநிலை மாறி, பிடி தளர்ந்து, பாஸ்பேட் மறுபடியும் தண்ணீருக்குள் வருகிறது. 1940-களின் தொடக்கத்தில் இங்கிலாந்து ஏரிகளில் கிளிஃபோர்ட் மார்ட்டிமர் இதை விளக்கினார். சேறு கூடினால் ஆக்சிஜன் குறையும். ஆக்சிஜன் குறைந்தால் பாஸ்பரஸ் வெளிவரும். அதில் பாசி பெருகும். பெருகிய பாசி செத்து மறுபடி சேறாகும். இந்தச் சுழல் ஒருமுறை தொடங்கிவிட்டால், வெளியிலிருந்து எதுவும் வராவிட்டாலும் குளம் தன்னைத்தானே கெடுத்துக்கொண்டிருக்கும்.

இரண்டு ஏரிகள், இரண்டு கணக்குகள்

அமெரிக்காவின் சியாட்டில் நகரை ஒட்டியுள்ள வாஷிங்டன் ஏரியில் சுத்திகரிப்பு நிலையங்களிலிருந்து வெளியேறும் கழிவுநீர் விடப்பட்டுவந்தது. 1955-இல் நீலப்பச்சைப் பாசி தலைகாட்டியதும், விலங்கியலாளர் டபிள்யூ. டி. எட்மண்ட்சன் வரப்போவதை எச்சரித்தார். 1958-இல் மக்கள் வாக்களித்துச் செலவை ஏற்றுக்கொண்டார்கள். 1963 முதல் 1968 வரை கழிவுநீர் படிப்படியாகத் திருப்பிவிடப்பட்டது. ஒரு மீட்டர் ஆழம்கூடக் கண்ணுக்குத் தெரியாதிருந்த ஏரியில் 1970-களின் தொடக்கத்தில் மூன்று மீட்டருக்கு மேல் தெரிந்தது. ஏரிக்குள் யாரும் எதையும் செய்யவில்லை; வரத்தை மட்டும் சரிசெய்தார்கள்.

சுவீடனின் வெக்ஷோ நகரில் உள்ள டிரம்மன் ஏரியின் கதை வேறு. அங்கேயும் 1950-களின் இறுதியில் கழிவுநீரை நிறுத்தினார்கள். பத்தாண்டு கழிந்தும் ஏரி தெளியவில்லை. வாஷிங்டன் ஏரியின் ஆழமான பகுதி 60 மீட்டரைத் தாண்டும். டிரம்மன் ஆள் உயரம்கூட இல்லாத ஆழத்தில் பரந்து கிடந்தது. ஆழம் குறைந்த ஏரியில் சேறும் தண்ணீரும் எப்போதும் உறவாடிக்கொண்டிருக்கும். கடைசியில் 1970, 1971 ஆண்டுகளில், ஆண்டுக்கு அரை மீட்டர் என்று மேல்சேற்றை உறிஞ்சி எடுத்தார்கள். அதன் பிறகே பாஸ்பரஸ் சரிந்தது, பாசி அடங்கியது. எடுத்த சேற்றில் ஒரு பகுதி தோட்டங்களுக்கு மேல்மண்ணாக விற்கப்பட்டது.

குளம், கண்மாய், குட்டை எல்லாம் டிரம்மனின் இனம். எனவே வேலைக்கு ஒரு வரிசை உண்டு: முதலில் வரத்து, அடுத்தது சேறு, கடைசியில்தான் தண்ணீர். பெரும்பாலான உரிமையாளர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பாசி கண்ணில் பட்டதும் தண்ணீரில் மருந்து. அது பலிக்காதபோது பொக்லைன் வைத்துத் தூர்வாருதல். வரத்து வாய்க்கால் பக்கம் யாரும் போவதே இல்லை. ஒரே மழையில் மறுபடியும் மண் வந்து நிரம்பும்.

தவறினால் ஆகும் செலவுக்குப் பெங்களூரு சாட்சி. ஏறத்தாழ 900 ஏக்கர் பரப்புள்ள பெள்ளந்தூர் ஏரியில் நகரக் கழிவுநீர் ஆண்டுக்கணக்கில் கலந்தது. சோப்பு வேதிப்பொருள்கள் நுரையாகப் பொங்கிச் சாலையில் பறந்தன. 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் ஏரிப் பரப்பில் தீப்பிடித்தது. இரண்டாவது தீயை அணைக்க ராணுவ வீரர்கள் இறங்க வேண்டியிருந்தது. ஏரியைப் பார்த்தபடி அடுக்குமாடி வீடு வாங்கியவர்கள் ஜன்னலை மூடிக்கொண்டு வாழ்ந்தார்கள். 2018 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், சீரமைப்புக்காக 500 கோடி ரூபாயைத் தனிக் கணக்கில் ஒதுக்கும்படி கர்நாடக அரசுக்கு உத்தரவிட்டது.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் கிடைக்கும் லாபத்தையும் கணக்கிட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் 1990-களில் ஏரிக்கரை வீடுகளின் விற்பனை விலையையும் நீரின் தெளிவையும் பொருளியலாளர்கள் ஒப்பிட்டனர். மற்ற வசதிகள் ஒத்திருந்தாலும், தெளிந்த ஏரியோரத்து வீடு கூடுதல் விலைக்குப் போயிருந்தது. தமிழ்நாட்டில் இந்த லாபம் வேறு வடிவில் வருகிறது: கிணற்றில் ஏறும் நீர்மட்டமாக, இன்னொரு போர்வெல் போட வேண்டிய தேவை இல்லாமல் போவதாக.

முதலில் வரத்து

மழைநீர் குட்டைக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் ஒரு சிறு குழி வெட்டினால், ஸ்டோக்ஸ் விதிப்படி மணல் அங்கேயே தங்கிவிடும். சேர்ந்த மண்ணை ஆண்டுக்கு ஒருமுறை மண்வெட்டியால் அள்ளலாம். களிமண் குழியில் தங்காது. அதற்கு நீரின் வேகத்தை முன்பே குறைக்க வேண்டும். வாய்க்கால் ஓரமும் குட்டையைச் சுற்றியும் சில மீட்டர் அகலத்துக்குப் புல் விட்டாலே நீர் தயங்கிச் செல்லும். ஓரத்தில் வெட்டிவேர் நட்டால் அதன் நீண்ட வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

இலங்கையின் வறண்ட வலயத்துக் கிராமங்கள் இதை நூற்றாண்டுகளாகச் செய்துவந்தன. அங்கே சிறு குளங்கள் ஒன்றின் உபரியை மற்றொன்று வாங்கும் தொடராக அமைந்தவை. குளத்துக்கு மேல்புறம் நீரோட்டத்தை வடிகட்ட ஒரு புல்வெளி, பக்கச் சரிவிலிருந்து வரும் மண்ணைத் தடுக்க வரப்பு, வண்டலை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளச் சிறு நீர்க்குழி என ஒவ்வொன்றுக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. கால்நடைக்கும் காட்டு விலங்குக்கும் அந்தக் குழி தண்ணீர்த் தொட்டியாகவும் உதவியது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு இந்த முறையை உலகளவில் முக்கியமான வேளாண் மரபுகளில் ஒன்றாக ஏற்றிருக்கிறது.

தமிழ்நாட்டுப் பழைய ஏரிகளில் இருந்த குமிழித் தூம்பு என்ற மடை, சேற்றுக்கு வெளியேற வழி வைத்தது. மேலே நீரோடித் துளை, அதற்குக் கீழே சேறோடித் துளைகள். மடையைத் திறக்கும்போது தண்ணீரோடு வண்டலும் கலங்கி வயலுக்குப் போகும். ஏரிக்குச் சுமையாக இருந்தது நெல்லுக்கு உரமாயிற்று. பராந்தக சோழன் காலத்து, கி.பி. 919, 921 ஆண்டுகளின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஏரியைப் பராமரிக்க ஏரி வாரியம் என்ற குழு இருந்ததைக் குறிப்பிடுகின்றன. பிற்காலக் குடிமராமத்தில், ஆயக்கட்டுக்காரர்கள் ஆண்டுதோறும் ஆள் அனுப்பி வாய்க்கால் வெட்டிக் கரையைச் செப்பனிட்டார்கள். அந்த வழக்கம் தளர்ந்தபோது, 1858-இல் சென்னை மாகாணத்தில் அதைக் கட்டாயமாக்கச் சட்டமே வந்தது.

அடுத்தது சேறு

சேற்றை அள்ளுவதில் நிறைய வெட்டினால் நிறையத் தண்ணீர் என்று நினைப்பது பெரிய தவறு. சேமிப்புக் குட்டையின் அடியில் படிந்த மெல்லிய களிமண் படலம்தான் தண்ணீரைக் கீழே விடாமல் தாங்குகிறது. அதையும் சேர்த்து வெட்டினால் குட்டை ஒழுகும். கசிவுநீர்க் குட்டைக்கு நேர்மாறு. அதன் வேலையே நிலத்தடி நீரை ஏற்றுவது. அங்கே அந்தப் படலத்தைக் கோடையில் சுரண்டி எடுத்தால்தான் பக்கத்துக் கிணறு ஊறும். குட்டை எதற்கானது என்று முடிவு செய்யாமல் பொக்லைனைக் கூப்பிடக் கூடாது.

கரையின் அடிவாரத்தை ஒட்டி வெட்டினால் கரை சரியும். ஓரத்து ஆழமில்லாத பகுதியை முழுவதும் ஒரே மட்டத்துக்குத் தோண்டினால், மீன் குஞ்சுகளும் நாரைகளும் கோரையும் இடமிழக்கும். மீன்குட்டையில் பாதி வேலையை வெயிலே செய்துவிடும். அறுவடை முடிந்து தண்ணீரை வடித்து, தரை பாளம் பாளமாக வெடிக்கும் வரை காயவிட்டால், சேற்றிலுள்ள அழுகல் காற்றுப் பட்டு மட்கும். வேண்டாத மீன்களும் ஒழியும். பிறகு மண்ணின் அமிலத்தன்மையைப் பார்த்துச் சுண்ணாம்பு இடுவது வழக்கம்.

எடுத்த வண்டல் வீண்போகாது. தெலங்கானா 2015-இல் தொடங்கிய மிஷன் காகதீயா திட்டத்தில், ஏரி வண்டலை உழவர்கள் தங்கள் நிலத்துக்கு வண்டி வண்டியாக ஏற்றிப் போனார்கள். தமிழ்நாட்டிலும் குறிப்பிட்ட நீர்நிலைகளிலிருந்து உழவர்கள் உரிய அனுமதி பெற்று வண்டலைக் கட்டணமின்றி எடுக்கலாம். ஏரிக்கரையில் மனை இருப்பதால் ஏரியில் கைவைக்கும் உரிமை வந்துவிடாது. தமிழ்நாட்டின் 2007-ஆம் ஆண்டுச் சட்டம் ஏரி எல்லையை அளந்து ஆக்கிரமிப்பை அகற்ற வழி செய்கிறது. வரத்து வாய்க்காலை மண் போட்டு மூடிய மனை, மழைக்காலத்தில் அதன் விலையையும் சேர்த்துக் கொடுக்கும்.

கடைசியில் தண்ணீர்

பாசியைக் கொல்லக் காப்பர் சல்பேட் தூவுவது எளிது. பின்விளைவு அவ்வளவு எளிதாக இருக்காது. மொத்தப் பாசியும் ஒரே நேரத்தில் செத்து அழுகும்போது ஆக்சிஜன் சரிந்து மீனும் சாகும். பாசிக்குள் இருந்த நச்சு தண்ணீருக்கு வரும். செம்பு சேற்றிலேயே தங்கும். காற்றேற்றும் கருவி மீன்குட்டைக்கு நல்ல துணை. அதை ஓட்ட வேண்டிய நேரம் பின்னிரவு முதல் விடியல் வரை. வெயில் நேரத்தில் மட்டும் ஓட்டுகிறவர் மின்கட்டணம்தான் கட்டுகிறார்.

தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரை, சத்து மிகுந்த நீரில் இரண்டு வாரத்துக்குள் இருமடங்காகக்கூடியது. நான்கு செடியாக இருக்கும்போது கையால் எடுத்தால் அரைமணி நேர வேலை. குளத்தை மூடிய பிறகு இயந்திரமும் லாரியும் தேவைப்படும். எடுத்ததைக் கரையிலேயே குவித்தால் அழுகி, அதன் பாஸ்பரஸ் முழுவதும் மறுபடி குளத்துக்கே போகும். கரையைத் தாண்டிக் கொண்டுபோய் உரக்குழியில் போட்டால், குளத்திலிருந்து அவ்வளவு பாஸ்பரஸ் வெளியேறியதாகிவிடும்.

குளத்தின் நிலையை அறியச் செலவில்லாத கருவியும் இருக்கிறது. 1865-இல் இத்தாலியப் பாதிரியாரும் வானியலாளருமான ஆஞ்சலோ செக்கி, மத்தியதரைக் கடலின் தெளிவை அளக்க வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தார். இன்று ஏரிகளில், கறுப்பும் வெள்ளையுமாகக் காற்பாகங்கள் தீட்டிய 20 சென்டிமீட்டர் தட்டு பயன்படுகிறது. தட்டு மறையும் ஆழமே நீரின் தெளிவு. மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில், நடுப்பகலில் அளந்து நோட்டில் எழுதினால் போதும். சேற்றின் கனத்தை அளவு குறித்த மூங்கில் கழியால் ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கலாம்: மெல்ல இறக்கும்போது தட்டும் ஆழம் ஒன்று, அழுத்தினால் கெட்டித் தரை தட்டும் ஆழம் இன்னொன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே சேறு. வரத்து வாயில் மட்டும் அது கூடினால் குழியை ஆழப்படுத்த வேண்டும். குளம் முழுவதும் கூடினால் மேலே வயலிலோ வீட்டு மனையிலோ மண் அரிக்கிறது என்று பொருள்.

வடகிழக்குப் பருவமழையை நம்பிய ஊர்களில் ஆண்டு வேலை இப்படி அமையும். பங்குனி, சித்திரையில் நீர் வடிந்ததும் சேற்றை அளந்து, தேவையானதை மட்டும் அள்ளுவது. ஆடி, ஆவணியில் வரத்து வாய்க்காலையும் வண்டல் குழியையும் சுத்தம் செய்வது. கரையில் எலி வளை, நண்டு வளைகளை அடைப்பது. சிறு மரக்கன்றுகளைப் பிடுங்குவது, ஏனெனில் கரையில் வளர்ந்த மரம் பட்டுப்போனால் அதன் வேர் மட்கிய இடம் நீர் கசியும் பாதையாகும். புரட்டாசிக்குள் கலிங்கில் முளைத்த சீமைக் கருவேலத்தை வெட்டி, உபரிநீர் போகும் வழியைத் திறந்து வைப்பது. ஐப்பசி, கார்த்திகையில் ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் கலிங்கிலும் வாய்க்காலிலும் அடைத்த செத்தையை எடுப்பது. இந்த வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு ஆளும் ஒரு மண்வெட்டியும் போதும். பொக்லைனுக்கு வேலை சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும்.